யோசனை சொல்கிறவர் யார்?

மயிலாடுதுறையை அடுத்த குத்தாலத்தில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ யோசனைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், “குரூப் ஃபோர் எழுது தம்பி, வி.ஏ.ஓ. ஆயிட்டா அப்புறம் கவலையே இல்லை” என்கிறார். உரக்கடைக்காரர், பட்டப்படிப்பெல்லாம் வீண், ஐ.டி.ஐ.யில் சேர்ந்து ஃபிட்டர் படித்திருக்க வேண்டும் என்று காலங்கடந்த ஆலோசனை ஒன்றை வழங்குகிறார். விடுமுறையில் வந்த மாமா சிங்கப்பூரைப் பற்றிப் பேசுகிறார். உடன் படித்தவள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அழைத்துத் தன் கம்பெனியில் இன்னும் ஆள் எடுக்கிறார்கள் என்கிறாள். பேருந்து நிறுத்தத்துச் சுவரொட்டி நூறு சதவீத வெற்றியை வாக்களித்துப் பயிற்சி மையத்துக்கு அழைக்கிறது. வீட்டிலிருந்தபடியே தினமும் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று முகமறியாத ஒருவர் நடுநிசியில் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறார். இத்தனை யோசனைகளும் ஒரே உறுதியோடும் ஒரே பரிவோடும் வந்து சேர்வதால், இவற்றுள் எது பிரயோஜனமானது, எது வெறும் பேச்சு, எது ஆபத்து என்று தரம் பிரிப்பதே வேலை தேடுவதைக் காட்டிலும் பெரிய வேலையாகிவிடுகிறது.

அந்தத் தரம் பிரிக்கும் காரியத்துக்கு இரண்டு கேள்விகள் போதும் என்பது நம் அபிப்பிராயம். இதைச் சொல்கிறவருக்கு இந்த விஷயம் எப்படித் தெரியும்? இவர் சொன்னபடி நான் நடந்தால் இவருக்கு என்ன லாபம்? முதற் கேள்வியை நாம் சில சமயம் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி விட்டுவிடுகிறோம். லாபம் என்றால் பணம் மட்டுமன்று. நெருங்கிய உறவினர் தரும் யோசனையில் அநேகமாகப் பணலாபம் இராது. ஆனால், “எங்க வீட்டுப் பையன் கவர்மென்ட் உத்தியோகம்” என்று கலியாணப் பந்தலில் சொல்லிக்கொள்ளும் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்காக இருபத்திரண்டிலிருந்து முப்பது வயது வரையில் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் காவிரிக்கரை ஊர்களில் தெருவுக்குத் தெரு காணலாம்.

சுற்றிலும் நெல் விளைகிற ஊர் இது. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்குமா என்ற கவலையோடு குறுவை தொடங்குகிறது. சம்பாவும் தாளடியும் தை, மாசியில் களத்துக்கு வருகின்றன. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டபடியால், முன்பு பல நாள் நீடித்த கூலி வேலை இன்று ஒரு பகற்பொழுதில் முடிந்துவிடுகிறது. குத்தாலத்தின் பெயரிலேயே 101 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் ஒன்றை மின்வாரியம் அமைத்தது. இயற்கை எரிவாயுக் கிணறுகள் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. ஆயினும் அவை தேர்ந்த சில கைகளைக் கொண்டே இயங்கக்கூடிய ஸ்தாபனங்கள். 2020 டிசம்பர் 28இல் மயிலாடுதுறை தமிழகத்தின் 38ஆவது மாவட்டமாக உதயமானபோது அரசாங்க அலுவலகங்கள் பக்கத்தில் வந்தன. அவற்றில் நாற்காலிகள் எண்ணி வைத்தாற்போலத்தானே இருக்கும்! ஆகவே படித்தவர்கள் ரயிலேறுகிறார்கள். அது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமுமன்று.

குத்தாலம் வட்டத்துக்குள்ளேயே இருக்கிற திருவாவடுதுறை மடத்தில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, அவர் 1876இல் மறைந்த பின்னும் அங்கேயே தங்கியிருந்த உ. வே. சாமிநாதையருக்கு, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் 50 ரூபாய்ச் சம்பளத்தில் தமிழ்ப் பண்டிதர் உத்தியோகம் கிடைத்தது. கிடைத்த விதம் கவனிக்கத்தக்கது. அந்த ஸ்தானத்தில் இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் தறுவாயில், தமக்குப் பின் இவரே தகுந்தவர் என்று தாமே முயன்று முடித்துக் கொடுத்தார். ஒரு வேலை காலியாகப்போகிறது என்பது எல்லாருக்கும் முன்னால், அதை விட்டுப் போகிறவருக்குத் தெரியும். விளம்பரம் வருவதற்குள் அவரைத் தேடிப் பிடிக்கிறவன் பாதி வழியைக் கடந்துவிடுகிறான். இன்றைக்கும் ஒரு நெல் அரவை ஆலையின் கணக்கர், ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியை, ஒரு மருந்துக் கடையின் விற்பனையாளர் வேலையை விட்டுப் போகும்போது, முதலாளி அநேகமாக அவரிடமே, “உனக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா?” என்று கேட்கிறார். டெல்டாவின் சிறு பட்டணங்களில் மிகப் பல வேலைகள் இந்த ஒரே வாக்கியத்தில் நிரம்பிவிடுகின்றன.

மறுத்தவர் செய்த உதவி

ஆனால் வேலை தேடி அலைந்தவர்களின் சரித்திரத்தில் காவிரிக்கரை பெற்ற முதன்மையான உதாரணம் சாமிநாதையர் அல்லர். 1909இல் கலியாணமானதும், கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ஓர் இளைஞருக்குச் சம்பாதித்தாக வேண்டிய நிர்ப்பந்தம் வந்தது. கும்பகோணம் கல்லூரியில் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் உபகாரச் சம்பளத்தை இழந்தவர்; பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர், பட்டம் என்று எடுத்துக் காட்டக் காகிதம் ஒன்றுமில்லாமல், தாம் கண்டுபிடித்த கணிதத் தேற்றங்களை எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்களை மட்டும் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர். ஸ்ரீநிவாஸ ராமாநுஜனைக் கணித மேதை என்று உலகம் கொண்டாடுகிறது. வேலையில்லாத இளைஞராக அவர் கழித்த இரண்டு மூன்று ஆண்டுகளை நம் பள்ளிப் பாடங்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. வேலை தேடுகிறவர்களுக்கு அந்த இரண்டு மூன்று ஆண்டுகளே முக்கியம்.

1910ஆம் ஆண்டில் அவர் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைக் கண்டார். ராமசாமி ஐயர் 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். ராமாநுஜன் அவரிடம் கேட்டதோ கணிதத்தைப் பற்றியன்று. தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் அந்த வேலையைக் கொடுக்க மறுத்தார். ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் இந்த மனிதரை உட்கார வைப்பது தகாது என்று அவருக்குத் தோன்றியது. மறுத்ததோடு நிற்காமல், சென்னையிலிருந்த தம் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவ்வழியாகப் பேராசிரியர் பி. வி. சேஷு ஐயரை அடைந்து, அவர் மூலமாக நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவை அடைந்து, ராவ் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் உதவியதைச் சில காலம் பெற்று, தானத்தில் ஜீவிக்க மனமில்லாமல் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரம் தற்காலிக வேலை பார்த்து, கடைசியில் 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித வல்லுநர் ஹார்டிக்கு அவர் எழுதிய பிரசித்தமான கடிதம் அந்த நாற்காலியிலிருந்து போனதே.

முன்னே சொன்ன இரண்டு கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். ராமசாமி ஐயருக்கு விஷயம் தெரியும். அவரே கணிதம் அறிந்தவர். ராமாநுஜன் சென்னைக்குப் போவதால் அவருக்கு ஒரு காசு லாபமில்லை. கேட்ட வேலையைக் கொடுத்து அனுப்பியிருந்தால் நன்றியாவது மிஞ்சியிருக்கும். அதையும் வேண்டாமென்று, நமக்கு மேலே இருக்கும் விஷயம் தெரிந்தவர் யார் என்று காட்டிக் கொடுத்தார். யோசனை கேட்கப் போகும் இடத்தில், “எனக்கு வேலை போட்டுத் தாருங்கள்” என்று கேட்பதைவிட, “இந்தத் தொழில் தெரிந்தவர் யாரிடம் நான் போய்ப் பேச வேண்டும்?” என்று கேட்பது எளிது, பதில் சொல்கிறவருக்கும் அது எளிது. வேலை கொடுக்க முடியாதவர் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒரு பெயரைச் சொல்ல முடியாதவர் அபூர்வம்.

துறைமுகக் கழகத்துக்கு ராமாநுஜன் 1912 பிப்ரவரி 9ஆம் தேதி எழுதிய விண்ணப்பமும் இன்று வேலை தேடுவோர் ஊன்றிப் படிக்கத்தக்கது. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்கிறார், எஃப்.ஏ. வரையில் படித்து, இடையூறுகள் நேர்ந்து மேலே தொடர முடியாமற் போனதை ஒளிக்காமல் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறார். தம் நேரம் முழுவதும் கணிதத்தில் சென்றதைச் சொல்லி, இந்த வேலைக்குத் தம்மால் நியாயம் செய்ய முடியும் என்று உறுதி கூறுகிறார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் சிபாரிசு எழுதியிருந்தார். காலியாக இருந்ததோ கணக்குப் பிரிவில் ஓர் இடம். அதற்கு இசைந்த தகுதி எதுவோ அது மட்டும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் கணினிக்குள் எப்போதோ யாரோ ஏற்றி வைத்த பயோடேட்டா ஒன்று இருக்கிறது. பெயரையும் ஊரையும் மாத்திரம் மாற்றி அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதன் தலையில், சவால் நிறைந்த சூழலில் ஸ்தாபனத்தோடு தானும் வளர விரும்புவதாக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். வங்கிக்கும் அதுதான், வாகனத் தொழிற்சாலைக்கும் அதுதான், ஜவுளிக்கடைக்கும் அதுதான். அந்த வாக்கியத்தைப் படித்து ஆள் எடுத்த முதலாளி ஒருவரை நாம் இதுவரை கண்டதில்லை.

ராமாநுஜனுக்கு வழிகாட்டியவர்களாக மேலே பெயர் சொன்ன மனிதர்களில் ஒருவர்கூட அவருடைய உறவினரல்லர், பாலிய சிநேகிதருமல்லர் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரத்தில் வேலை மாறிய உத்தியோகஸ்தர்களை விசாரித்து, நூற்றுக்கு 56 பேர் தெரிந்த மனிதர்கள் மூலமாகவே வேலை பெற்றார்கள் என்று கண்டார். அதில் அதிசயமில்லை. அப்படிப் பெற்றவர்களில் அடிக்கடி பழகிய ஆளிடமிருந்து செய்தி பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான் என்றும், மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது சந்திக்கிற அரைகுறைப் பழக்கக்காரர்களே வழி சொன்னார்கள் என்றும் அவர் கண்டதே 1973இல் வந்த அவருடைய கட்டுரையைப் பிரசித்தமாக்கியது. காரணம் சுலபமானது: நம்மோடு தினமும் உட்காருகிறவருக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். குத்தாலத்துப் பெண்ணுக்குப் பயன்படக்கூடிய செய்தி அவள் தெருவில் இராது. கல்லூரியில் இரண்டு வருஷம் மூத்தவளாகப் படித்து, முகம் மட்டும் தெரிந்து, இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒருத்தியிடம் இருக்கும். அவளுக்கு எழுதக் கூச்சப்படுகிறோம். எதிர்வீட்டாரிடம் மணிக்கணக்காகப் புலம்புகிறோம்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், துறைமுகக் கழகத்தில் இருந்த நாராயண ஐயர் என்று நீளும் அந்தச் சங்கிலி, பிராமணக் குடும்பங்களின் படித்த வட்டத்துக்குள் கோக்கப்பட்ட சங்கிலி. அதே 1910இல், குத்தாலத்தைச் சுற்றிய பண்ணைகளில் சேற்றில் நின்றவரின் மகனுக்கு ராமாநுஜனைப் போன்ற மூளை இருந்திருந்தாலும், டெபுடி கலெக்டரின் திண்ணைக்கு அவன் ஏறியிருக்க முடியாது. சிபாரிசு என்ற வார்த்தைக்கு நம் நாட்டில் கெட்ட பெயர் வந்தது காரணமில்லாமல் அன்று.

சர்க்கார் எழுதும் கடிதம்

அந்த அநீதிக்குப் பரிகாரமாகவே, சிபாரிசு இல்லாதவனுக்குச் சர்க்கார் தானே சிபாரிசு செய்யும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 1929இல் சென்னை மாகாணம் சட்டம் செய்து, இந்திய மாகாணங்களுக்குள் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு சர்வீஸ் கமிஷனை நிறுவிக்கொண்டது. இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் அதுவே. 1945இல், யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்கென்று எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டு, 1948இல் எல்லாருக்கும் பொதுவாயின. 1956 நவம்பரில் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசாங்கம் கர்ணம், பட்டாமணியம் என்று பரம்பரையாக வந்துகொண்டிருந்த கிராம உத்தியோகங்களை ஒழித்தது. பிறகு அந்த இடங்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வாணையத்தின் பரீட்சை வழியாக வந்தார்கள். டீக்கடைப் பெரியவர் சொல்லும் வி.ஏ.ஓ. வேலைக்குப் பின்னால் இத்தனை சரித்திரம் இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சைப் பற்றி நம் மக்களிடம் இன்னும் பழைய எண்ணமே உலவுகிறது. “பதிஞ்சு வச்சிருக்கியா? ரினியூவல் போட்டியா?” என்று கேட்கும் தகப்பனார், வரிசை எண் வந்ததும் வீட்டுக்குக் கார்டு வரும் என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். 1959ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்க நிறுவனங்களும் 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை எக்ஸ்சேஞ்சுக்கு அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. (தனியார் விவசாய வேலைகளை அது விலக்கி வைத்தது, பண்ணை இயந்திரம் ஓட்டுகிறவரை மட்டும் உள்ளே சேர்த்துக்கொண்டது. டெல்டாவின் பெரும் தொழில் ஒரு பிரிவின் உட்பிரிவில் வெளியே நிறுத்தப்பட்டது.) அறிவிப்பதுதான் கடமை, அங்கிருந்தே ஆள் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் நிர்ப்பந்திக்கவில்லை என்று 1987இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது, 1996இல், எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் பட்டியலோடு பத்திரிகை விளம்பரம் மூலமாகவும் விண்ணப்பங்களைக் கோரி எல்லாரையும் பரிசீலிப்பதே நியாயம் என்றது. அதன் பிறகு பதிவு எண்ணை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் அர்த்தம் குறைந்துவிட்டது.

அதனால் மயிலாடுதுறையிலுள்ள அலுவலகத்துக்குப் போவது வீண் என்று முடிவு கட்டினால் அது அடுத்த தவறு. பதிவும், மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்தலும் இப்போது இணையத்திலேயே நடக்கின்றன. அவற்றுக்காக யாரும் பஸ் ஏற வேண்டாம். போக வேண்டியது வேறு காரியங்களுக்கு. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையம் என்ற அதன் நீண்ட பெயரின் பின்பாதியை யாரும் படிப்பதில்லை. தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் அந்த மையங்கள் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகின்றன. மாதிரித் தேர்வு வைக்கின்றன. தனியார் நிறுவனங்களை வரவழைத்து வேலைவாய்ப்பு முகாம்கள் கூட்டுகின்றன. வேலையில்லாதோர் உதவித்தொகையும் அங்கேதான்: பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தவருக்கு, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் மாதம் 300 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்றாண்டுக் காலத்துக்கு. இந்தக் காலத்தில் 600 ரூபாய் ஒரு பட்டதாரிக்கு எத்தனை நாள் பஸ் சத்தத்துக்குக் காணும் என்பதைச் சர்க்கார் கணக்குப் பார்த்தால் நல்லது. இவை எல்லாவற்றிலும், முன்னே வைத்த இரண்டு கேள்விகளுக்கும் பழுதில்லாத பதில் கிடைக்கிறது. வகுப்பு எடுப்பவருக்கு நீங்கள் சேர்ந்தாலும் லாபமில்லை, சேராவிட்டாலும் நஷ்டமில்லை. அந்த அலட்சியமே சில சமயம் அவ்விடத்தின் குறையாகவும் ஆகிவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

தேர்வாணையத்தின் குரூப் ஃபோர் பரீட்சைக்கு 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், சரிபாதி தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காதவரின் மற்ற விடைகளைத் திருத்துவதே இல்லை. இதற்கு மூலநூல் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடப்புத்தகங்கள். பரணில் கிடக்கும் அவற்றைத்தான் பயிற்சி மையங்கள் சுருக்கி, வர்ண அட்டை போட்டு, ஆயிரக்கணக்கில் விலை வைக்கின்றன. பணம் கட்டினால்தான் படிப்பேன் என்கிற மனம் உள்ளவர்கள் கட்டட்டும். கட்டுகிற பணத்தில் ஒரு பங்கைத் தட்டச்சுப் பள்ளிக்குக் கொடுப்பது மேல் என்போம். டெல்டாவின் சிறு ஊர்களில் டைப் இன்ஸ்டிட்யூட் இன்னும் உயிரோடிருப்பதைப் பார்த்துச் சென்னைவாசிகள் சிரிக்கிறார்கள். தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தேறியிருக்க வேண்டும், ஒன்றிலாவது ஹையர் வேண்டும் என்பதால், அதே குரூப் ஃபோரில் அந்தப் பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் சுபாவமாகவே குறைந்துபோகிறார்கள் என்பது சிரிக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

தொழிற்சாலை வேலைக்கு இவ்வளவு தயாரிப்பு வேண்டாம். ஆனால் விசாரணை வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியின் மின்னணுத் தொழிற்சாலைகள் பெண்களை ஏராளமாக எடுக்கின்றன. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதியைச் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்ததே அதற்குச் சாட்சி. ஊரிலிருந்து வேன் வைத்து அழைத்துப் போகிற ஆள், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பெறுகிறவராக இருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியவை: பணி நியமனக் கடிதத்தில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கும், தொழிற்சாலையின் பெயரா, ஒப்பந்ததாரரின் பெயரா? சொல்லும் சம்பளம் மொத்தமா, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., விடுதி, சாப்பாடு எல்லாம் பிடித்துக்கொண்டு கைக்கு வருவதா? பி.எஃப். எண் எந்த மாதத்தில் கிடைக்கும்? ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் அப்ரண்டிஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவித்தொகையோடு வேலை கற்றுக்கொள்ளும் அந்த ஓராண்டு, பிற்பாடு எந்த நேர்முகத் தேர்விலும் பேசத் தகுந்த சரக்கைக் கொடுக்கிறது. அறிவிப்பு வரும் தேதிகளை யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை என்பதுதான் சங்கடம்.

கடல் தாண்டுவதற்கு முன்

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போகும் வழக்கம் இந்தச் சீமையில் வேரூன்றியது. யோசனையும் லாபமும் மிக நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் இடம் இதுவே. ஆகவே இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க, 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பெயரைத் தட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. அவர்கள் வேலை தேடுகிறவரிடமிருந்து வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும். லட்சங்களில் பேச்சு ஆரம்பமாகிற இடத்தில் சட்டம் ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அதைத் தொந்தரவு என்று நினைத்துச் சுற்றுலா விசாவில் ஏற்றி விடுகிற ஏஜெண்டு, அந்த அனுமதியோடு வருகிற 10 லட்ச ரூபாய்க் காப்பீட்டையும் பறித்துவிடுகிறார். சிங்கப்பூர் விஷயத்தில், “ஐ.பி. வந்துடுச்சா?” என்று ஊரில் கேட்பார்களே, அந்த முன் அனுமதிக் கடிதத்தில் மாதச் சம்பளமும் பிடித்தங்களும் எழுதியிருக்கும், தொழிலாளியின் தாய்மொழியிலும் இருக்கும். அதைக் கண்ணால் படிக்கு முன் பணத்தை எண்ணிக் கொடுப்பவர், வாயால் சொன்ன சம்பளத்தை நம்பிப் போகிறார். சிங்கப்பூர் ஏஜென்சி அந்நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978இலிருந்து சென்னையில் இருக்கிறது. செவிலியர், ஓட்டுநர், கட்டுமானத் தொழிலாளர் முதலானோருக்கு அது அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறது. அதன் மூலம் கிடைக்கும் இடங்கள் குறைவு, காலதாமதமும் உண்டு; ஆயினும் ஏஜெண்டு சொல்லும் சம்பளம் நியாயமானதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காவது அந்த அறிவிப்புகளைப் படிக்கலாம்.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்பது பொய் என்று 2022 நிரூபித்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்ற பேச்சில் மயங்கிப் போன பட்டதாரி இளைஞர்கள், தமிழர்கள் உட்பட, எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவதியில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை இணையத்தில் மோசடி செய்யும் வேலைக்கு அடித்து ஏவப்பட்டார்கள். அவர்களில் பலரை மீட்டுக்கொண்டுவர இந்தியத் தூதரகம் தலையிட வேண்டியிருந்தது. நடுநிசியில் வரும் வீட்டு வேலைச் செய்தியும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான்: ஓட்டலுக்கு நட்சத்திரம் போடு என்று சொல்லி முதல் நாள் சில நூறு ரூபாய் கணக்கில் விழும்; மூன்றாம் நாள் பெரிய லாபத்துக்கு முன்பணம் கேட்பார்கள். பணம் போய்விட்டால் உடனே, அதே மணி நேரத்தில், 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போய்விடும். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பவர்களாலேயே இந்த வியாபாரம் செழிக்கிறது.

வேலை கிடைத்த பிறகும் யோசனை தேவைப்படுகிற ஒரு சமயம் உண்டு. முதல் மாதம். சென்னைக்கோ ஓசூருக்கோ போன பிள்ளை பத்தாம் நாள், “எனக்கு இது ஒத்துவராதும்மா, நான் வந்துடறேன்” என்று அழைக்கிறது. தாயார், “வந்துடு கண்ணு” என்கிறார். தகப்பனார் போனைப் பிடுங்கி, “அங்கேயே கிட” என்கிறார். இரண்டு யோசனையும் அன்பிலிருந்தே வருகின்றன. இரண்டுக்கும் அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடி, வசவு, சம்பள பாக்கி என்று காரணம் இருந்தால் பிள்ளை அன்றைக்கே திரும்ப வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சலிப்பும் தனிமையும்தான் காரணமென்றால் பேசுவதற்கு இடமிருக்கிறது.

இந்த மாவட்டத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை இந்திய நூலக இயலின் தந்தை என்று உலகம் அறியும். நம் ஊர்ப்புற நூலகங்களுக்கு ஆதாரமான 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பு அவருடையது. அவர் விரும்பித் தொடங்கிய தொழில் கணிதம் கற்பிப்பது. சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவியை ஏற்படுத்தியபோது வந்த சுமார் 900 விண்ணப்பங்களில், நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இல்லை. நண்பர்கள் தூண்டியதால் மனமில்லாமல் விண்ணப்பித்த ரங்கநாதனுக்கும் அத்தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேர்முகத்துக்கு முன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். 1924 ஜனவரியில் வேலையும் கிடைத்தது. வாசகர் வராத அந்தப் பெரிய கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கச் சகியாமல், சில வாரங்களிலேயே, என்னை மறுபடி வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று அதிகாரிகளிடம் போய் நின்றார். அவர்கள் “சரி” என்றும் சொல்லவில்லை, “முடியாது” என்றும் சொல்லவில்லை. லண்டனுக்குப் போய் இந்தத் தொழில் அங்கே எப்படி நடக்கிறதென்று பார்த்துவிட்டு வா, திரும்பி வந்தும் பிடிக்காவிட்டால் ஆசிரியர் வேலை உனக்கே என்று ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். 1925இல் திரும்பி வந்த ரங்கநாதன் அந்த ஆசிரியர் வேலையைக் கேட்கவே இல்லை.